பதினேழாம் கிளை

ஆறாம் மாடியில் குமுதாவின் மகன் கவின் இறந்துகிடந்தான். ஒன்பது வயது. வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு உள்ளே போய், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். குமுதாவே எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள்.

மூன்றாம் மாடிப் பவளக்கொடியையும் கேட்டாள்.

"போதுங்கக்கா" என்றாள் பவளக்கொடி.

குமுதா பக்கத்தில் உட்கார்ந்தாள். "குடல்வால் வெடிச்சிருச்சாமா. நாலு நாளா உள்ளுக்குள்ள சீழ் வெச்சிருந்துதாம். டாக்டர் கேக்கறாரு, பையன் வயித்த வலிக்குதுன்னு சொல்லவே இல்லீங்களான்னு. அவன் சொல்லலியே. பள்ளிக்கொடம் போனான், வந்தான், வீட்டுப்பாடம் எழுதினான். ரெண்டு நாளா வலப்பக்கமாச் சாஞ்சு நடந்தான். ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?"

"பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பேன்" என்று தலையாட்டிவிட்டு, குமுதா காலி டம்ளர்களை எடுக்க எழுந்து போனாள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு வருடத்துக்கு முன் இதே கவின் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டபோது, கட்டடமே கூடும்படி அலறியவள் அவள். அது அமர்த்தி வருவதற்கு முன்பு.

நொய்யல் நகரில் இப்போது அமர்த்தி இல்லாத கட்டடம் கிடையாது. தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், தூணைக் கட்டிப்பிடித்தபடி ஒரு குடத்தின் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். இரவு பகல் பாராமல் ஒரு மெல்லிய நடுக்கத்தைத் தூணுக்குள் அனுப்பும். அது மேலேறித் தரையெல்லாம் பரவும். கட்டில் காலில் ஏறும், நாற்காலிக் காலில் ஏறும், இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் உடம்பு வழியாகவே ஏறும். காதுக்குக் கேட்காது. ஆனால் அது வந்த வீட்டில் படபடப்பு இல்லை, அழுகை இல்லை, பக்கத்து வீட்டோடு குழாயடிச் சண்டை இல்லை. பேருந்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் வைத்துவிட்டார்கள். தூக்க மாத்திரை விற்றுப் பிழைத்த கடைக்காரர் இப்போது பொரிகடலை விற்கிறார். அதில் அவருக்கும் வருத்தம் இல்லை.

இந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் மற்ற யாரையும்விடப் பவளக்கொடிக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஊருக்கு மேற்கே பழைய நூற்பாலைக் கட்டடத்தில் கிளைக்கூடம் இருந்தது. கண்ணாடிக் கூரையின் கீழ் நாற்பது தொட்டிகள், தொட்டிக்கு ஒரு வாகைக் கன்று. ஒவ்வொரு கன்றிலும் ஒரு கிளையில் ஒரு குடும்பம் குடியிருந்தது.

குடும்பம் என்றால் முள் தத்துப்பூச்சிக் குடும்பம். அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்து இறங்கிய பூச்சி. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். முதுகில் பச்சையாக ஒரு முள் துருத்திக்கொண்டிருப்பதால், அசையாமல் உட்கார்ந்தால் செடியின் முள் என்றே நினைப்போம். தாய்ப்பூச்சி முட்டையிட்டதோடு பறந்துவிடாது. பொரிந்த குஞ்சுகளுக்குக் கீழே தண்டில் காவல் இருக்கும். எதிரி வந்தால் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பை உலுக்கும். அந்த உலுக்கல் தண்டு வழியாகத் தாய்க்குப் போகும். தாய் ஓடிவந்து சிறகை அடித்து, பின்னங்காலால் உதைத்து, வந்ததை விரட்டும்.

அதன் பிறகு அது செய்யும் காரியத்தில்தான் விஷயமே இருக்கிறது. பயந்துபோன குஞ்சுகள் எதிரி போன பிறகும் சும்மா சும்மா உலுக்கிக்கொண்டிருக்கும். அவற்றை அடக்குவதற்குத் தாய் தன் பங்குக்கு ஒரு நடுக்கத்தைத் தண்டில் அனுப்பும். போய்விட்டது, ஒன்றுமில்லை, சும்மா இருங்கள் என்பது போல. குஞ்சுகள் உடனே அடங்கிவிடும்.

இதற்குத் தாயதிர்வு என்று பெயர் வைத்து, பல மடங்கு பெருக்கி, வேகத்தைக் குறைத்து, மனிதர்கள் நிற்கும் தரைக்குள் விட்டுப் பார்த்தது யாருடைய யோசனை என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பூச்சிக்குச் சொன்ன சேதி மனித உடம்புக்கு எப்படிப் புரிந்தது என்றும் யாரும் விளக்கியதில்லை. புரிந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு தொல்லை. பதிவு செய்து வைத்ததையே திரும்பத் திரும்ப விட்டால், நாலைந்து நாளில் உடம்பு பழகிப்போய் மதிப்பதில்லை. தினமும் புதிதாக வேண்டும். அதனால் தினமும் காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிப் பூச்சிகள் சுறுசுறுப்பானதும், நாற்பது கிளைகளில் மிகத் தெளிவாக எது அதிர்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து ஊருக்குள் விடுவார்கள்.

எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் தேர்வானது பதினேழாம் கிளை.

அந்தக் கிளைத் தாய்க்குப் பெரியாத்தா என்று பெயர் வைத்தவர் நாச்சிமுத்து. கூடத்தில் பவளக்கொடியோடு வேலை செய்பவர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மற்ற கிளைகளில் தாயதிர்வு விட்டு விட்டுத்தான் வரும். நடுநடுவே குஞ்சுகளின் உலுக்கல் புகுந்து கெடுக்கும். பெரியாத்தாவின் கிளையில் அந்தப் பேச்சே இல்லை. காலை முதல் சாயங்காலம் வரை ஒரே சீராக வரும். ஆயுத பூஜை அன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, பதினேழாம் தொட்டிக்கு மட்டும், கிட்டே போகாமல் நீளக் குச்சியால், செவ்வந்தி மாலை போட்டார்கள். மற்ற தாய்கள் செத்துப்போனால் அநாதையாகும் குஞ்சுகளையும் பெரியாத்தாவிடமே கொண்டுபோய் விட்டார்கள். மாதத்துக்கு ஒரு ஈடு, நாற்பது நாற்பதாக.

"நல்ல ஆத்தாகிட்ட வளரட்டும் அம்மணி" என்பார் நாச்சிமுத்து.

கூடத்தில் இரண்டு விதிகள் உண்டு. ஒவ்வொரு தண்டிலும், துணி உலர்த்தும் கிளிப் போல, தண்டுச்செவி என்ற ஒரு கருவி கவ்வியிருக்கும். அதில் குஞ்சுகளின் அழைப்பு விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் அந்தக் கிளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இது முதல் விதி. அழைக்காத கிளையை யாரும் தொடக்கூடாது, கிட்டேயும் போகக்கூடாது, தாய் மிரண்டுவிடும். இது இரண்டாவது. பதினேழாம் கிளை எட்டு மாதமாக அழைத்ததில்லை. ஆகவே எட்டு மாதமாக யாரும் அதன் கிட்டே போய்ப் பார்த்ததும் இல்லை. குஞ்சுகளைக்கூட நீளமான குச்சியின் நுனியில் வைத்துத் தூரத்திலிருந்தே ஏற்றிவிடுவார்கள். இலைகளுக்கு நடுவே அந்தப் பச்சை முள் அதே இடத்தில் தெரியும். பெரியாத்தா காவல் இருக்கிறாள் என்று திருப்தியோடு திரும்பிவிடுவார்கள்.

கவினை எடுத்த மறுநாள் பவளக்கொடி வழக்கம்போல வேலைக்கு வந்து கிளைப் பதிவேட்டைத் திறந்தாள். அழைப்பு, பதில், அமைதி என்று மூன்று கட்டங்கள். பதினேழுக்கு நேரே அழைப்புக் கட்டத்தில், அழைப்பு இல்லை என்பதற்கு, ஒரு கோடு. முந்தின நாளும் கோடு. பக்கத்தைப் புரட்டினாள், அங்கேயும் கோடுதான்.

"அவன் சொல்லலியே" என்று குமுதா சொன்னது நினைவுக்கு வந்தது.

கூடவே தன் மகள் இனியாவின் விரலும் நினைவுக்கு வந்தது. இனியாவுக்கு ஆறு வயது. அவள் அப்பா கடலுக்குள் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். போன மாதம் குளிப்பாட்டும்போது குழந்தையின் இடது நடுவிரல் நகம் கருநீலமாகி வீங்கியிருந்ததைப் பவளக்கொடி பார்த்தாள். எப்போது ஆயிற்று என்று கேட்டதற்கு, "முந்தாநேத்து கதவுல நசுங்குச்சும்மா" என்றாள் குழந்தை. சோப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டேன் என்று சொல்வது போலச் சொன்னாள். அம்மா என்று அவள் கூப்பிட்டே எத்தனை மாதம் ஆகிறது என்று பவளக்கொடி அன்றைக்கு யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. யோசித்ததோடு சரி. மருந்து போட்டுவிட்டுத் தலை துவட்டிவிட்டாள்.

இப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது. பாஷை தெரியாத ஊரில் பெயர்ப்பலகையைப் பார்ப்பது போலப் பதிவேட்டின் கோடுகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து மிதமேடையில் ஏறினாள்.

மிதமேடை என்பது தொட்டிகள் நிற்கும் மரமேடை. கூடத்தின் தரையிலும் அமர்த்தியின் நடுக்கம் ஓடுகிறதல்லவா, அது தொட்டிக்குள் ஏறினால் பதிவு கெட்டுப்போகும். அதற்காக வரிசையாக ஸ்கூட்டர் டியூப்களில் காற்றடித்துப் படுக்க வைத்து, அவற்றின் மேல் மேடையை மிதக்க விட்டிருந்தார்கள். மேடையில் ஏறியவருக்கு அமர்த்தி கிடையாது. பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. முன்பு ஒருவர் குழாய் பழுது பார்க்க அரைமணி நேரம் நின்றவர், இரண்டு வருடம் முன்பு செத்துப்போன அப்பாவை நினைத்து அங்கேயே குந்தி அழுதுவிட்டார். மேடைக் கிறுக்கு என்று அதற்குப் பெயர். கீழே இறங்கினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். உடம்பைவிட்டு இறங்கின அமர்த்தி திரும்ப ஏறச் சில நிமிடம் போதும். ஏறினது இறங்கத்தான் நேரம் எடுக்கும்.

பவளக்கொடி பதினேழாம் தொட்டியருகே மண்டியிட்டு, இலைகளை விலக்கிப் பார்த்தாள்.

பெரியாத்தா இருந்த இடத்தில் இருந்தாள். ஆனால் பச்சை வெளுத்திருந்தது. பவளக்கொடி பதிவேட்டுப் பென்சிலால் லேசாகத் தொட்டாள். முள் உதிர்ந்து மண்ணில் விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கடலைத் தோல் போல வெறும் கூடு. செத்துப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும்.

அப்படியானால் தண்டைத் தட்டிக்கொண்டிருப்பது யார்? தண்டுச்செவியின் திரையில் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அசையாமல் காத்திருந்தாள். பத்து நிமிடம் போனது, இருபது போனது. பிறகு ஒரு இலைக்காம்பின் மேலிருந்து அது இறங்கி வந்தது. கறுப்பாக, உடம்பெல்லாம் மயிராக, விரல் நுனியளவு ஒரு தாவும் சிலந்தி. முன்பக்கத்துப் பெரிய கண்கள் இரண்டும் அவளை நேராகப் பார்த்தன. தாடைகள் பச்சையாகப் பளபளத்தன. நம் ஊர்ச் சுவரில் தாவுகிற ஜாதி இல்லை. பூச்சிகளோடு அதே பெட்டியில் அமெரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும். தாவும் சிலந்திகளில் ஆண், பெண்ணை மயக்க வயிற்றை அடித்துத் தாளம் போடும் என்று பவளக்கொடி படித்திருந்தாள். இது வேறு தாளம் கற்றிருந்தது. தண்டில் கால் ஊன்றி, வயிற்றை நடுக்கி, தாயதிர்வைத் தட்டியது. திரையில் கோடு துளிகூடப் பிசகவில்லை.

தண்டில் பதினொரு குஞ்சுகள் மீதி இருந்தன. போன மாதம் விட்டவை நாற்பது. மற்றவை வளர்ந்து பறந்துவிட்டன என்று பதிவேட்டில் அவளே எழுதியிருந்தாள். சிலந்தி தட்டுவதை நிறுத்தியது, இரண்டடி நடந்தது, ஓரத்துக் குஞ்சைப் பிடித்தது. அடுத்திருந்த குஞ்சு அதன் காலுக்கடியிலேயே இருந்தது. அது உடம்பை உலுக்கவில்லை. தண்டில் வாயை வைத்துச் சாறு குடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சிலந்தி திரும்பவும் தண்டில் கால் ஊன்றித் தட்ட ஆரம்பித்தது. ஒன்றுமில்லை, சும்மா இருங்கள்.

எட்டு மாதமாக ஊருக்கு விட்டது இதைத்தான்.

அப்போதுதான் பவளக்கொடிக்கு உள்ளே என்னவோ கிளம்பியது. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. மண்டியிட்டபடியே தொட்டியை விட்டுப் பின்னால் நகர்ந்திருந்தாள். பயம்! மூன்று வருடம் கழித்து வந்த பயம். அதன் பின்னாலேயே கவின் வந்தான். அரைக்கால் சட்டையோடு மாடிப்படியில் அவளுக்கு வழிவிட்டு நிற்கிற கவின். வலப்பக்கம் சாய்ந்து நடந்தவன். அவன் செத்த வீட்டில் உட்கார்ந்து சர்க்கரை போதும் என்று சொல்லியிருக்கிறாள்! பவளக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழ அழ, கவினின் முகம் போய் இனியாவின் முகம் வந்தது. என் பிள்ளைக்கு வலித்தால் என்னைக் கூப்பிட மாட்டாளே, ஐயோ, நகம் கறுத்து இரண்டு நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போதே ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட வேண்டும் போலிருந்தது.

ஆனால் போவதற்குத் தரையில் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கினால் இதெல்லாம் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். மடியிலிருந்த பதிவேட்டைத் திறந்து, பென்சில் முனை உடையும்படி அழுத்தி எழுதினாள்.

"இனியா கட்டிலுக்கு டியூப் நாலு. இன்றே போடு. அவள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்குள் போ."

"அம்மணி, நேரமாச்சு, எறங்குங்க" என்று கீழேயிருந்து நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. "மூஞ்சியெல்லாம் என்னாச்சு? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"அண்ணா, மேல வாங்கண்ணா! இங்க வந்து பாருங்க! ஆத்தா இல்லீங்கண்ணா, எட்டுக்கால் பூச்சி! எல்லாத்தையும் தின்னுட்டு அதுதான் தட்டிட்டிருக்குது!"

நாச்சிமுத்து ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "என்னமாத் தட்டுது பாருங்களேன்." பிறகு பத்து நிமிடப் பலகையைக் காட்டி, அவள் கையைப் பிடித்துப் பதமாகக் கீழே இறக்கிவிட்டார்.

பவளக்கொடி இயக்குநருக்குத் தொலைபேசியில் பேசியபோது கண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது. தொடங்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, முடிக்கும்போது சரியாகிவிட்டது.

இயக்குநர் மேகலா பொறுமையாகக் கேட்டார். "அதிர்வோட தரம் எப்படி இருக்கு பவளக்கொடி?"

"நல்லா இருக்குங்க மேடம். எல்லாக் கிளையையும்விட நல்லா இருக்கு."

"ஊர்ல இருந்து புகார் ஏதாச்சும்?"

"இல்லீங்க மேடம். எட்டு மாசமா ஒண்ணுகூட வரல."

"அப்புறம் என்னம்மா? தாய் தட்டினா என்ன, சிலந்தி தட்டினா என்ன? சிலந்தியைத் தனியா வளர்க்க முடியுமான்னு பாருங்க. குஞ்சு தீர்ந்துபோச்சுன்னா தட்டாம இருந்திடப் போகுது, புது ஈடு இன்னைக்கே விட்டுடுங்க."

அதில் தப்பு ஏதும் இருப்பதாகப் பவளக்கொடிக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் ஏதோ தோன்றியது என்பது மட்டும் தெரிந்தது. நாச்சிமுத்து நீளக் குச்சியோடு மேடையோரம் போய், நாற்பது புதுக் குஞ்சுகளைப் பதினேழாம் கிளையில் ஒவ்வொன்றாக ஏற்றினார். பவளக்கொடி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளப் பதிவேட்டைத் திறந்தபோது, பக்கத்தின் நடுவில் அந்த எழுத்து இருந்தது. ஈரம் பட்டுத் தாள் சுருங்கியிருந்தது. வேறு யாரோ எழுதியது போலிருந்தாலும் கையெழுத்து அவளுடையதுதான்.

பதிவேட்டில் எழுதியிருப்பதைச் செய்து பழகியவள் அவள். சாயங்காலம் கிடங்கிலிருந்து நாலு டியூப்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காற்றடித்துத் தரையில் வைத்து, மேலே பலகை போட்டு, அதன் மேல் இனியாவின் கட்டிலைத் தூக்கி வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் இனியா.

"தூங்கறதுக்குக் கண்ணு. மெத்துன்னு இருக்கும்."

"சரிம்மா" என்று ஏறிப் படுத்துக்கொண்டாள் குழந்தை. கட்டில் லேசாக ஆடியது. பவளக்கொடி பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். எழுதியிருந்ததைச் செய்தாயிற்று. அவளுக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு டியூப்கூட எழுதியிருக்கவில்லை. அழுதுகொண்டே எழுதியவளுக்குப் பிள்ளையின் கட்டில் மட்டும்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலை இனியா கண் விழித்ததும், "தாகமா இருக்கு" என்றாள். பவளக்கொடி தண்ணீர் கொடுத்தாள். கேட்டு வாங்கிக் குடித்து எவ்வளவு நாள் ஆகிறது என்று நினைத்தாள். குழந்தை குடித்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கிய பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, எதையோ கனவில் கண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன கனவு என்று பவளக்கொடி கேட்பதற்குள் கால் தரையில் பட்டுவிட்டது. "மறந்துபோச்சும்மா" என்றாள். ஐந்தாம் நாள் காலை போர்வையை முகத்தில் மூடிக்கொண்டு, "கவினண்ணா எங்கம்மா?" என்று கேட்டுத் தேம்பினாள். பவளக்கொடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேம்பல் நன்றாக, தெளிவாக இருந்தது. ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டு நாளையும் நேரத்தையும் எழுதிவைத்தாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பவளக்கொடி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தோசைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

கத்தி ஒரு கணம் நின்றது.

"அம்மா! அம்மா! வாம்மா!"

கீழே தெருவில் போன இரண்டு பேர் நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் வழியில் போனார்கள். பவளக்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணி பத்து நிமிடம். அழைப்பு வந்துவிட்டது. இதற்காகத்தான் டியூப் போட்டோம் என்று அவளுக்கு நினைவிருந்தது. மனசு துள்ள வேண்டிய நேரம் இது என்றும் தெரிந்தது, துள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்குள் போக வேண்டும். கத்தியைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், போனாள்.

இனியா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து மடக்கியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். "வலிக்குதும்மா... ரொம்ப வலிக்குது... தூக்கும்மா..."

பிள்ளை கை நீட்டினால் தூக்குவதற்கு எந்த நடுக்கமும் தடையில்லை. பவளக்கொடி குனிந்து அவளைக் கட்டிலிலிருந்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெறுங்காலோடு தரையில் நின்றபடி முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல. அம்மா வந்துட்டேன்ல."

குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பவளக்கொடி அறைக்குள்ளேயே மெல்ல நடந்தாள். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டாம் நடையில் அழுகை விம்மலாகியது. நாலாம் நடையில் விம்மலும் நின்றது. தான் தூக்கியதும் அடங்கிவிட்டாளே என்று பார்த்தாள் பவளக்கொடி. தன் உள்ளங்காலையும் பார்த்தாள். தரையிலிருந்து அதன் வழியாக ஏறி, தன் எலும்பு வழியாக, இடுப்பு வழியாகப் பிள்ளைக்குள் என்ன போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அந்தத் தாளத்தைத் தட்டுவது யார் என்பதும் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

"எங்க சாமி வலிக்குது?" என்று கேட்டாள்.

இனியா தலையைத் தூக்கினாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் ஈரமாக இருந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தால் அமர்த்தி இறங்க நேரமாகும். இன்று ராத்திரி படுத்தால் நாளைக் காலையில் தானே சொல்வாள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று பவளக்கொடி நினைத்தாள். நோட்டை எடுத்தாள். அழைப்பு, எட்டு பத்து. பதில், எட்டு பதினொன்று. அமைதி, எட்டு பதினெட்டு. மூன்று கட்டமும் நிறைந்திருந்தது.

பால் பொங்கும் வாசனை வந்தது. குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"கண்ணு, டம்ளர் ரெண்டு எடுத்து வைம்மா."

"சரிம்மா."

இனியா வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நடந்து போய், அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்து மேடைமேல் வைத்தாள். பவளக்கொடி பாலை ஆற்றி ஊற்றிவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.